காலைக் கட்டு

வள்ளியம்மை தன் வாசலுக்கு வருவாள் என்று இன்னாசி நினைத்ததே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு வீடுதான். ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் கிழக்கே பார்ப்பார், இன்னொருவர் மேற்கே பார்ப்பார், அவ்வளவுதான். அன்று காலை அவன் தன் குட்டியானை வண்டியில் வாழைத்தார் அடுக்கிக்கொண்டிருந்தான். திருக்காட்டுப்பள்ளி மண்டிக்குப் போகவேண்டிய லோடு. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவள் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“தம்பி, அவருக்குக் கால் ரொம்ப மோசமாப் போச்சு. காய்ச்சல் அனலாக் கொதிக்குது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, ஒரு விபத்துக்குப் போயிருக்கு, வர நேரமாகும்ங்கிறாங்க. ஆட்டோக்காரன் வந்தான். வாடை தாங்க முடியாம, வேற சவாரி இருக்குன்னு போய்ட்டான்.”

உள்ளேயிருந்து அவன் மனைவி அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

வள்ளியம்மையின் புருஷன் பஞ்சநதம் நாகல்படுகையில் நிலபுலன் உள்ள மனிதர். குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டி அவர் வயலில் ஒரு போர்வெல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் மோட்டார் ஒரு ராத்திரியில் காணாமல் போனது. அந்த நேரத்தில் லோடு வண்டிச் சத்தம் கேட்டதாக யாரோ சொன்னார்கள். ஊரில் அப்படி வண்டி வைத்திருந்தவன் இன்னாசி ஒருவன்தான். பஞ்சநதம் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய் அவன் பேரைச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வரை அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஒன்றும் தேறாமல் அனுப்பிவிட்டார்கள். அமலோற்பவம் ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் நாள் முழுக்க நின்றாள். பஸ்ஸில் போன சனமெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே போனது. மோட்டார் அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. அவனைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிலபேர் லோடு கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட மனிதரை ஏற்றிக்கொண்டு போகத்தான் இப்போது இவள் வந்து நின்றாள். இன்னாசி பெரிய மனசு பண்ணி ஒன்றும் கிளம்பவில்லை. வாசலில் நிற்கிற பொம்பளையைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அதுதான் உண்மை. அடுக்கிய தார்களை இறக்க ஆரம்பித்தான்.

“சேசு மரி சூசை! அந்த ஆளையா ஏத்தப் போறீங்க?” என்றாள் அமலோற்பவம்.

“உயிர் போற காரியம் அமலம்.”

“போகட்டும்னு நான் சொல்லல. நம்ம வண்டியிலதான் போகணுமா?”

வண்டியில் பாயை விரித்து, பஞ்சநதத்தைத் தூக்கிக் கிடத்தி, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். சர்க்கரை வியாதி முற்றிக் கால் புண் அழுகியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய நாள் பெரிய வியாழன். அழைத்துவரவும் இன்னாசியின் வண்டிதான் போனது. செம்மொழி என்ற நர்ஸ் இன்னாசியைக் கூப்பிட்டுக் கட்டைப் பிரித்துக் காட்டினாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இருந்த இடத்திலிருந்து பாதத்தின் ஓரம் முழுக்க ஒரே புண்.

“நல்லாப் பாத்துக்கங்க அண்ணே. தினம் காலையில பிரிச்சு, இந்தத் தண்ணியால கழுவி, ஈரத்தை ஒத்தி எடுத்து, மருந்து வச்சுப் புதுசாக் கட்டணும். ஒரு நாள் விட்டாலும் புண்ணு உள்ளுக்குள்ள ஓடிடும். அப்புறம் முழங்காலுக்குக் கீழேயே எடுக்க வேண்டி வரும். நீங்கதானே வீட்டுல பாத்துக்கப் போறீங்க?”

வள்ளியம்மைக்குக் கண்ணில் புரை, கையில் நடுக்கம். மகன் ராம்கி கத்தாரில் இருந்தான். மகள் குந்தவை பெங்களூரில் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஊருக்கு வரும் நர்ஸம்மா வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வள்ளியம்மை இன்னாசியைப் பார்த்தாள். உடனே தலைகுனிந்துகொண்டாள். பஞ்சநதம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் இல்லை என்று சொல்லத்தான் இன்னாசி வாயெடுத்தான். “ஒரு தடவை செஞ்சு காட்டும்மா,” என்றுதான் வந்தது.

அன்று சாயங்காலம் மாதா கோவிலில் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பங்குத்தந்தை கால் கழுவுவார். பல வருஷமாக இன்னாசி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். சாமியார் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பதா என்று பன்னிரண்டு பேருமே வீட்டில் தேங்காய் நாரால் தேய்த்து, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் கோவிலுக்கு வருவார்கள். இன்னாசியும் அப்படித்தான் வந்திருந்தான். ஃபாதர் அறிவுச்செல்வன் முழங்காலில் நின்று அவன் வலது பாதத்தைக் கையில் ஏந்தினார். செம்புத் தண்ணீரை ஊற்றி, துண்டால் ஒத்தி, குனிந்து முத்தமிட்டார். இன்னாசிக்கு உடம்பெல்லாம் கூசியது. கழுவ ஒன்றுமே இல்லாத கால் அது. காலையில் பார்த்த கால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் செய்ததை நீங்களும் ஒருவருக்கொருவர் செய்யவேண்டும் என்று ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிவிட்டுச் சொன்னதை அவன் வருஷா வருஷம் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான். “காலையில போய் அவருக்குக் கட்டு மாத்திட்டு வரலாம்னு இருக்கேன்.”

அமலோற்பவம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி தட்டில் விழாமல் தரையில் சிந்தியது.

“அந்தப் புங்கமரத்தடியில நான் நின்னேனே, அதை யாரு வந்து கழுவுவா?”

இன்னாசி கரித்துணியை எடுத்துக் கஞ்சியைத் துடைத்தான். அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க போங்க. சாமி காரியம்னு நினைக்கிறீங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுப் பேச்சும் இங்க வரக்கூடாது.”

பெரிய வெள்ளி காலையில் இன்னாசி போனான். பஞ்சநதம் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டைப் பிரித்ததும் வாடை எழுந்தது. தோள் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். அவர் கடைக்கண்ணால் அதைப் பார்த்ததைக் கண்டதும் என்னமோபோல் இருந்தது, துண்டை அவிழ்த்துவிட்டான். மூச்சை அடக்கிக்கொண்டே கழுவி, மருந்து வைத்து, கட்டி முடித்தான். நேரே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். பைப்பில் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது வள்ளியம்மை ஒரு டம்ளர் மோரோடு நின்றாள். அதை வாங்கிக் குடித்தான்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாள் ஈஸ்டர். பூசை முடிந்து புதுச்சட்டையோடு போனான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டு மாற்றினான். அப்புறம் அது பல் துலக்குவது மாதிரி அன்றாடக் காரியம் ஆகிவிட்டது. காலையில் கட்டு, அப்புறம் லோடு. வயலில் உளுந்து பிடுங்கி முடிந்திருந்தது, ஆறு வெறும் மணலாகக் கிடந்தது, வெயில் ஏறிக்கொண்டே போனது. பஞ்சநதம் மட்டும் வாயே திறக்கவில்லை. கால் ஒன்றுதான் இன்னாசிக்கு, முகம் சுவருக்கு.

ஒரு நாள் திறந்தார். கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எதுக்காக இதெல்லாம் செய்யிற? உங்க கோவில்ல சொல்லி அனுப்பினாங்களா? என்னை மதம் மாத்திடலாம்னு நினைப்பா? இல்ல, ஊருக்கு நல்லவன் வேஷமா?”

இன்னாசிக்கு ரத்தம் தலைக்கேறியது. கத்தரிக்கோலைத் தட்டில் விட்டெறிந்தான்.

“உங்களை மாத்திக் கொண்டுபோய் நான் எங்க வைக்கிறது? எங்களுக்கே அங்க ஆயிரம் வம்பு!”

சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான். மறுநாள் போகவில்லை. விடியும் முன்பே திருவையாற்றுக்கு ஒரு லோடு பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மத்தியானம் வரை மனசு ஜிலுஜிலுவென்று இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் பாதியிலேயே எழுந்து கை கழுவிவிட்டான்.

திரும்பும் வழியில் கோவிலுக்கு வண்டியை விட்டான். ஃபாதர் அறிவுச்செல்வன் அவனைவிட வயதில் சின்னவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோட்டத்து முருங்கைமரத்தில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளைத் தீப்பந்தம் காட்டிப் பொசுக்கிக்கொண்டிருந்தார். இன்னாசி நடந்ததையெல்லாம் கொட்டினான்.

“எதைச் சொன்னப்ப உங்களுக்குக் கோவம் வந்துச்சு?” என்று கேட்டார் ஃபாதர். “மதம் மாத்துறதுன்னு சொன்னதுலயா, வேஷம்னு சொன்னதுலயா?”

இன்னாசி யோசித்தான். “வேஷம்னு சொன்னதுலதான் ஃபாதர்.”

“ஏன்?”

“கொஞ்சம் நெசம் அதுல. கட்டுப் போடுறப்பல்லாம் உள்ளுக்குள்ள, ‘பாருய்யா, திருடன்னு சொன்னியே, அந்தக் கையப் பாரு’ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் வெக்கப்பட்டு அழணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவரு அழுவுற மாதிரி தெரியல.”

ஃபாதர் பந்தத்தை மணலில் செருகி அணைத்தார். “எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல இன்னாசி. நான் வருஷத்துக்கு ஒரு நாள் பன்னண்டு கால் கழுவுறேன். பன்னண்டும் சந்தன சோப்பு வாசம் அடிக்குது. இந்த விஷயத்துல உங்க அளவுக்கு எனக்கு அனுபவம் கிடையாது.”

இன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன்,” என்றார் பிறகு. “உங்க மனசு சுத்தமா இருக்கா, அழுக்கா இருக்கான்னு அந்தப் புண்ணுக்குத் தெரியாது. இன்னைக்கு யாரும் கழுவலைங்கிறது மட்டும் அதுக்குத் தெரியும்.”

மறுநாள் விடிந்ததும் போனான். வள்ளியம்மை நடுங்கும் கையோடு தானே கட்டியிருந்தாள். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது, போன வாடை திரும்பி வந்திருந்தது. இன்னாசி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் துணியை ஊறவைத்து மெதுவாகப் பிரித்தான். பஞ்சநதம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

“நேத்து வராதது என் தப்பு,” என்றான் இன்னாசி. “கோவத்துல வரல. இனிமே கோவம் வந்தாலும் வருவேன். நீங்க பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி.”

பஞ்சநதம் முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பி அவனைப் பார்த்தார். அன்றிலிருந்து கட்டும்போது அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டது வேறு. ஆண்டவரே, இந்தப் புண்ணு ஆறட்டும். அதோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் ஏதாவது சேர்க்கலாம் என்று நாக்கு துறுதுறுக்கும், விடமாட்டான்.

புண் ஆற ஆரம்பித்தது. மஞ்சள் பூத்துக் கிடந்த இடத்தில் சிவப்பாகப் புதுச்சதை ஏறியது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது செம்மொழி, “கால் தப்பிச்சுது தாத்தா,” என்றாள். தாத்தா என்றது பஞ்சநதத்துக்குப் பிடிக்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். இன்னாசி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினான்.

அக்கினி நட்சத்திர வெயில் காய்ந்த ஒரு காலையில், பாதிக் கட்டுப் பிரித்திருக்கும்போது பஞ்சநதம் சொன்னார்.

“அந்த மோட்டாரை நீ எடுக்கல.”

“அது எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்.” என்றார் பஞ்சநதம். “நீ ஸ்டேஷன்லேர்ந்து வந்த அடுத்த வாரமே தெரியும். ராம்கிதான் அதைக் கழட்டி வித்துட்டான். ஏதோ கெட்ட சகவாசம், அப்ப. அவனே அழுதுகிட்டு வந்து சொன்னான். வெளிய தெரிஞ்சா பையன் பேரு கெட்டுடுமேன்னு நான் வாயப் பொத்திக்கிட்டேன்.”

இன்னாசியின் கை நின்றுவிட்டது. தெரியாமல் செய்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். தெரிந்துகொண்டே, இரண்டு வருஷம்! எழுந்து கொல்லைப்பக்கம் போனான். தென்னைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அப்படியே வேலியைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே புண் திறந்து கிடந்தது, ஈ மொய்க்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கழுவினான்.

ஈரத்தை ஒத்தி எடுத்துக்கொண்டே சொன்னான். “என்கிட்டச் சொன்னா போதாது. ஊர்ல சொல்லணும். அமலத்துக்கிட்டயும் சொல்லணும்.”

“ராம்கி...”

“ராம்கி பேரு வேணாம். நாளைக்கு அவன் இந்த ஊருக்கு வந்து வாழவேண்டியவன். நான் எடுக்கலைங்கிறதை மட்டும் சொல்லுங்க.”

பஞ்சநதத்தின் கண் நிறைந்து வழிந்தது. “என்னை மன்னிச்சிட்டியா இன்னாசி?”

“தெரியல,” என்றான் அவன் உண்மையாகவே. “காலை அசைக்காதீங்க.”

வைகாசியில் அவர் நடக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்துச் செருப்பும் கையில் ஒரு கம்புமாக முதல் நடை முபாரக் டீக்கடைக்குத்தான் போனார். இன்னாசி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாழை சாகுபடி செய்யும் மதிவாணனும் இருந்தார், லோடு கொடுப்பதை முதலில் நிறுத்தியவர் அவர்தான். பஞ்சநதம் உட்காரவில்லை.

“எல்லாரும் கேட்டுக்கங்க. என் மோட்டாரை இன்னாசி எடுக்கல. அது எங்க வீட்டுக்குள்ளயே போனது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தது என் தப்பு.”

முபாரக் டீ ஆற்றிய கையோடு நின்றுவிட்டார். இன்னாசி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிரம் தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த காட்சி இது. வந்தபோது நெஞ்சு நிமிரவில்லை, அந்த மனுஷர் கால் நோக நிற்கிறாரே என்றுதான் தோன்றியது. மதிவாணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இன்னாசி, வெள்ளிக்கிழமை தார் வெட்டுறோம். உன் வண்டி சும்மா இருக்குமா?”

“இருக்கும்ணே,” என்றான்.

அங்கிருந்து இருவரும் மெல்ல நடந்து இன்னாசி வீட்டுக்கு வந்தார்கள். அமலோற்பவம் வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சநதம் படிக்குக் கீழேயே நின்று, டீக்கடையில் சொன்னதை மறுபடி சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு நீங்க பைக்குல ஸ்டேஷன் வழியாப் போனீங்க,” என்றாள். “மரத்தடியில நான் நின்னதைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்மா.”

“பாத்துட்டுத்தான் போனீங்க.”

“ஆமா. பாத்துட்டுத்தான் போனேன்.”

அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒட்டியிருந்த வடக மாவு கன்னத்தில் அப்பியது. எதிர்வீட்டுச் சேவல் வடகத்துக்குக் குறிவைத்து வந்தது, அதை ஒரு கல்லெறிந்து விரட்டினாள்.

“உள்ள வந்து உக்காருங்க,” என்றாள் கடைசியில். “ரொம்ப நேரம் நின்னா காலு வீங்கிடும்னு நர்ஸு சொல்லலியா?”

அந்த வீட்டுப் பேச்சே இங்கே வரக்கூடாது என்று சொன்னவளுக்கு நர்ஸ் சொன்னது எப்படித் தெரியும் என்று இன்னாசி கேட்கவில்லை. வள்ளியம்மை கொல்லை வழியாக வந்து அவளிடம் என்னென்ன பேசியிருந்தாளோ!

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. மணல் மேல் முதலில் ஒரு கருங்கோடு மாதிரி ஓடி, மறுநாளே கரைக்குக் கரை நிறைந்தது. நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது. இன்னாசி வண்டியில் விதைநெல் மூட்டைகள் ஏறின. மன்னித்தாயா என்று பஞ்சநதம் மறுபடி கேட்கவில்லை. ஆனால் பழையபடி அவரைப் பார்த்து “அண்ணே” என்று தன் வாயிலிருந்து எந்த நாளில் வந்தது என்பது இன்னாசிக்கே நினைவில்லை.

ஒரு காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அமலோற்பவம் வந்தாள்.

“கீழத்தெரு ஆனந்தவல்லிக்குக் குதிகால்ல புண்ணாம். சர்க்கரைதான். ஆஸ்பத்திரில மருந்து, துணியெல்லாம் குடுத்து அனுப்பியிருக்காங்க. வீட்டுல கட்டிவிட ஆள் இல்ல.”

“நான் போய்ப் பாத்துட்டு வரட்டா?”

“நீங்க தொட்டா அவ கூச்சப்படுவா. நான் போறேன். எப்படிக் கட்டுறதுன்னு எனக்குச் சொல்லிக்குடுங்க.”

படியில் உட்கார்ந்து தன் காலையே நீட்டினாள். இன்னாசி உள்ளே போய் மிச்சமிருந்த கட்டுத்துணிச் சுருளை எடுத்துவந்து, அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிகாலிலிருந்து சுற்றத் தொடங்கினான்.

“இறுக்காதீங்க, வலிக்குது.”

“இறுக்கவும் கூடாது, தொளதொளன்னும் விடக்கூடாது. கவனி,” என்று சொல்லி, சுற்றியதைப் பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து காட்டினான்.